கடைசி ஒன்பதரை கிலோமீட்டர்: சாலை வந்த பிறகு தனுஷ்கோடி

2017 ஜூலை வரை, இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி பக்கம் போகிற பஸ் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் தார்ச்சாலை கிடையாது. மீனவர்கள் ஓட்டுகிற ஜீப்பிலோ பழைய வேனிலோ ஏற வேண்டும். ஆள் நிரம்பினால்தான் வண்டி புறப்படும். உப்புச் சேற்றிலும் ஈர மணலிலும் குலுங்கிக்கொண்டே போய், இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் பார்த்துவிட்டு, அதே வண்டியில் திரும்ப வேண்டும். நிலத்தின் நுனியான அரிச்சல்முனை வரை போனவர்கள் கொஞ்சம் பேர்தான்.

2017 ஜூலை 27 அன்று சாலை திறக்கப்பட்டது. பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் திறந்ததும் அதே நாள்தான். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடி வரை ஐந்து கிலோமீட்டர், அங்கிருந்து அரிச்சல்முனை வரை நாலரை. சென்னையில் கிளம்பிய கார் இப்போது எங்கும் மண்ணில் இறங்காமல், அசோகத் தூண் நிற்கிற கடைசி வளைவு வரை போய்த் திரும்புகிறது.

இந்த ஆய்வு அந்த ஒன்பதரை கிலோமீட்டரைப் பற்றியது. தனுஷ்கோடி கெட்டுப்போகிறது என்று யாரிடம் பேசினாலும் முதலில் கூட்டத்தைச் சொல்வார்கள், அடுத்து குப்பையைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் சேதுவில் நீராட வருகிற கூட்டம் இந்தக் கரைக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். காசி யாத்திரை போகிறவர்கள் சேதுவில் மணல் எடுத்துப்போய்க் கங்கையில் சேர்க்கிற வழக்கமும் பழையது. 2017-இல் புதிதாக நடந்தது வேறு: ஒவ்வொருவரும் தன் வண்டியோடு உள்ளே வர ஆரம்பித்தார்கள். முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி வண்டி மாறுகிற அந்த ஒரு நிறுத்தம் இல்லாமல் போனது. மணலுக்கும் தண்ணீருக்கும் பறவைக்கும் வந்திருக்கிற தொல்லைகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கணிப்பு. அதனால் தீர்வும் அங்கேதான் இருக்க வேண்டும்.

ஊரின் பழைய கதை பலருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து வரும் போட் மெயில் பயணிகள் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். சுங்கச் சாவடி, தபால் அலுவலகம், பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் என்று முழு ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது. மனிதர் வாழத் தகாத இடம் என்று அரசு அறிவித்தது. மீனவக் குடும்பங்கள் மட்டும் விடவில்லை. ஓலைக் குடிசை கட்டி, கரைவலை இழுத்து, அங்கேயே இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிட்டுத் தனுஷ்கோடியை ஆளில்லாத பேய் ஊர் என்று விளம்பரம் செய்வது பெரிய தவறு. சுற்றுலாவுக்கான திட்டங்கள் தடம் மாறுவதற்கு அந்த விளம்பரமும் ஒரு காரணம்.

மணலைப் பிடித்து வைத்திருப்பது எது

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பெண்கடல், ஆண்கடல் என்று ஊரில் சொல்வார்கள். நடுவில் கிடப்பது முழுக்க மணல். ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை வந்ததும் அப்படியே மாறும். கரைவலைக்காரர்கள் காற்றைப் பார்த்து வலையை இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் மாற்றுகிறார்கள். மணலும் அதேபோல இடம் மாறிக்கொண்டேதான் இருக்கும்.

இந்த மணலை ஓரளவுக்காவது ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருப்பவை சில செடிகள். முதலில் சொல்ல வேண்டியது இராவணன் மீசைப் புல். முரட்டுப் புல், வெறுங்காலோடு போனால் குத்திவிடும். மணலுக்கு மேலே தண்டு ஓடும், கணுவுக்குக் கணு வேர் இறக்கும். காற்று தூக்கி வருகிற மணல் அதன் இலைகளில் தடுக்கி விழும். மணல் மூட மூடப் புல் மேலேறி வரும், மேடும் கூடவே உயரும். கதிர் முற்றியதும் உருண்டையாகக் கழன்று, காற்றில் கரை நெடுக உருண்டோடி, போகிற வழியெல்லாம் விதையை உதிர்க்கும். பிள்ளைகள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

அப்புறம் அடம்பன் கொடி. ஊதாப் பூ, தடித்த இலை, கடலை நோக்கி நீளநீளமாக ஓடுகிற கொடி. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று பழமொழி இருக்கிறது. திரண்டு கிடக்கிற இடத்தில் மேடு நிற்கிறது. அறுந்த இடத்தில் காற்று வாய் வைத்துவிடும். முதலில் சின்னப் பள்ளம், அடுத்த கச்சானில் அகலமான பள்ளம், பிறகு மேட்டுக்கு நடுவே ஒரு வாசலே திறந்துவிடும். புயல் நாளில் கடல் உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

மனிதன் நடந்துபோனால் இந்தச் செடிகள் ஓரளவு தாங்கும். ஒரே தடத்தில் நடந்தால் அந்தத் தடம் மட்டும் செத்துப்போகும், மற்றது பிழைக்கும். டயர் ஏறினால் தண்டு நசுங்கி, கணுவில் இறங்கிய வேரும் பிய்ந்துவிடும். பழைய ஜீப்புகளும் மணலைக் கிழித்தன, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஓட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எங்கே ஈர மணல் இறுகிக் கிடக்கும், எங்கே புதையும் என்று தெரிந்து, போன தடத்திலேயே போனார்கள். இப்போது வருகிற கார்க்காரர்களுக்குச் சாலை ஓரத்தில் நிறுத்த இடம் கிடைக்காவிட்டால் மணலில் இறக்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு காரும் ஒரு புதுத் தடம்.

தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு கார் இப்படி இறங்கிப் பின்சக்கரம் புதைந்து நின்றதைப் பார்த்தேன். ஓட்டி வந்த இளைஞர் இறங்கி, படர்ந்து கிடந்த அடம்பன் கொடியை இரண்டு கையாலும் வாரிப் பிடுங்கி, டயருக்கு அடியில் திணித்தார். எதிரே மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்கா அடுப்பை விட்டு எழுந்து வந்துவிட்டார். “தம்பி, கொடியப் புடுங்காதீக. மண்ணு பூரா பறந்து எங்க அடுப்புலதான் வந்து விழும்.” இளைஞர் சாரி சொல்லிவிட்டு, வண்டியைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை. கீழே கிடப்பது களை என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். கொடி கிடந்த இடத்தில் ஒரு பாய் அகலத்துக்கு வெறும் மணல் தெரிந்தது. அறுந்த நுனிகளில் வெள்ளையாகப் பால் கசிந்துகொண்டிருந்தது.

கச்சான் காலத்தில் சாலையை மணல் மூடுவது தனுஷ்கோடியில் வழக்கமான செய்தி. இயந்திரம் வந்து அள்ளுகிறது, மறு வாரம் மறுபடி மூடுகிறது. இரண்டு பக்கமும் கல் அடுக்கிக் கரை கட்டிய சாலை அசையாமல் நிற்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள மணலோ அசைவதையே இயல்பாகக் கொண்டது. இந்த முரண்பாடு சாலை இருக்கிற வரைக்கும் இருக்கும். ஆனால் செடி நின்ற இடத்தில் மணல் குறைவாகப் பறக்கும், செடி போன இடத்தில் அதிகமாகப் பறக்கும். சாலையைக் காப்பாற்ற நினைப்பவர்களும் முதலில் காப்பாற்ற வேண்டியது அடம்பன் கொடியைத்தான்.

கண்ணுக்குத் தெரியாத தண்ணீர்

தனுஷ்கோடிக்கு வருகிறவர்கள் அதிசயமாகப் பார்க்கிற ஒன்று, கடலுக்குச் சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் வருவது. ஊற்று என்பார்கள். கையால் குழி பறித்து, ஊறி வருகிற தண்ணீரைச் சிரட்டையால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்புத் தண்ணீர் வந்துவிடும், அதனால் ஆழமாகத் தோண்ட மாட்டார்கள்.

இதற்குக் காரணம் எளிது. மழைத் தண்ணீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைவு, உப்புத் தண்ணீர் எடை அதிகம். நிலத்தடி நீர்க் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி நல்ல தண்ணீர் நிற்க முடியும். குறுகலான மணல்திட்டில் அலையும் ஓதமும் கலக்கிவிடுவதால் அவ்வளவு நிற்காது. ஆனாலும் கணக்கின் மறுபக்கம் முக்கியமானது: மேலே கொஞ்சம் குறைந்தால் கீழே பல மடங்கு குறையும். இராமநாதபுரம் மாவட்டத்துக்கு மழை என்பது பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான். அந்த மூன்று மாதத்தில் மணல்மேடு உறிஞ்சி வைத்ததைத்தான் வருடம் முழுக்க எடுக்கிறார்கள்.

இங்கேதான் சுற்றுலாவின் மிக மோசமான சேதம் நடக்கிறது, அதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். விடுமுறை நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து போகிற இடத்தில் போதுமான கழிப்பறை இல்லையென்றால் அவர்கள் எங்கே போவார்கள்? மணல்மேட்டுக்குப் பின்னால்தான். மணலில் எதுவும் தங்காது, நேராக இறங்கும். இறங்குகிற இடம் குடிக்கிற தண்ணீர். பிளாஸ்டிக் பாட்டில் கண்ணில் படுகிறது, அதை எடுக்க மாணவர்கள் வருகிறார்கள், போட்டோ வருகிறது. இது கண்ணில் படாததால் யாரும் வருவதில்லை. கழிப்பறை கட்டினால் போதுமா என்றால், போதாது. கழிவுக் குழியும் அதே மணலில்தான் இறங்க வேண்டும். கழிவைத் தொட்டியில் பிடித்து வெளியே கொண்டுபோகிற ஏற்பாடு வேண்டும். அதைவிடச் சுலபமானது, கழிப்பறையை முகுந்தராயர் சத்திரத்தில் வைத்து, போகும் முன்பும் திரும்பிய பின்பும் பயன்படுத்தச் செய்வது. வண்டி அங்கே நின்றால்தான் அதுவும் நடக்கும்.

பூநாரையும் பங்குனி ஆமையும்

2025 ஜூன் 5 அன்று தமிழ்நாடு அரசு தனுஷ்கோடியில் 524.7 ஹெக்டேர் பரப்பைப் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. 2023-24 ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பில் இந்தப் பகுதியில் 128 வகையில் பத்தாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பறவைகள் பதிவாகியிருந்தன. குளிர்காலத்தில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்குநீரில் பூநாரைகள் நிற்பதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகால் சேற்றுத் தண்ணீரை வடிகட்டித் தின்கிற பறவை அது. மணிக்கணக்கில் தின்றால்தான் அதற்கு வயிறு நிறையும். ஒரு டிரோன் மேலே பறந்தால் கூட்டம் மொத்தமும் எழும்பும். படத்துக்கு அது அழகு. பறவைக்கு அது தின்கிற நேரமும் சேர்த்து வைத்த கொழுப்பும் போனது. ஒரு நாளில் நாலைந்து முறை எழுப்பிவிட்டால், தொலைதூரம் திரும்பிப் பறக்க வேண்டிய வலசைப் பறவைகளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. உள்ளான்களுக்கும் ஆலாக்களுக்கும் இதே கதைதான்.

ஆமையின் கதை இன்னும் சிக்கலானது. தை முதல் சித்திரை வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. அடும்பங்கொடியை விலக்கி மணலில் ஆமை முட்டை புதைப்பதைச் சங்கப் புலவர்களே பாடியிருக்கிறார்கள், அவ்வளவு பழைய உறவு. வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது, நல்ல வேலை. ஆனால் எல்லாக் குழியும் கண்ணில் படுமா? படாத குழிகளைத் தோண்டுவது நாய்கள். நாய்கள் அங்கே பெருகுவதற்குச் சுற்றுலாவும் முக்கியக் காரணம். பொரித்த மீனின் முள்ளும், பொட்டலத்தில் மீந்த சோறும், தின்றுவிட்டு வீசிய பண்டமும் நாய்க்கும் காக்கைக்கும் வருடம் முழுக்கத் தீனி. கூட்டம் இல்லாத நாளில் அவை கரையைத்தான் தேடிப் போகின்றன. மணலில் முட்டையிடுகிற சின்னப் பறவைகளுக்கும் அவைதான் எமன்.

இதற்காக மீன் பொரிக்கிறவர்களைக் குற்றம் சொன்னால் நியாயம் ஆகாது. நகரையும் ஊளியும் விளமீனும் அன்றைக்குப் பிடித்ததை அன்றைக்கே பொரித்து விற்பதுதான் இந்தச் சாலையால் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வருமானம். ஜீப் ஓட்டியவர்கள் பிழைப்பைச் சாலை எடுத்துக்கொண்டது. பதிலுக்கு அடுப்புதான் கிடைத்தது. குப்பையைத் தினமும் அள்ளிக்கொண்டு போக ஒரு வண்டி வந்தால் அவர்களே சேர்த்து வைப்பார்கள். சங்குக் கடைகளைப் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கண்டிப்பு உண்டு. சங்கோடு சேர்த்து விற்கிற பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதை விற்பதும் குற்றம், வாங்கிப் பையில் போடுவதும் குற்றம். கேட்கிறவர்கள் இல்லாமல் போனால் விற்கிறவர்களும் இருக்க மாட்டார்கள்.

இமயமலையில் நடந்த ஒரு பரிசோதனை

இதே நோய்க்கு வேறு நிலத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்பது உதவும். உத்தராகண்டில், காடு முடிந்து பனி தொடங்குவதற்கு இடைப்பட்ட உயரத்தில் பெரிய பெரிய புல்வெளிகள் இருக்கின்றன. புக்யால் என்பார்கள். பேத்னி புக்யால் கடல்மட்டத்துக்கு மேல் பதினோராயிரம் அடி. வருடத்தில் பல மாதங்கள் பனிக்கு அடியில் கிடக்கும், புல் வளரக் கிடைப்பது சில மாதங்கள்தான். மலையேற்றக் குழுக்கள் வந்து வந்து, கூடாரம் அடித்து அடித்து, நடைபாதையில் புல் போய், மழை அந்தத் தடத்தில் ஓடி, தடம் ஓடையாகி, ஓடை பள்ளமாகிப்போனது. தனுஷ்கோடியில் காற்று செய்வதை அங்கே மழைத் தண்ணீர் செய்கிறது. இரண்டு இடத்திலும் தொடக்கம், மேலே போர்த்தியிருக்கிற செடி அறுபடுவதுதான்.

2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால்களில் இரவு தங்கத் தடை விதித்தது. நாளொன்றுக்கு 200 பேருக்கு மேல் போகக்கூடாது என்றும், நிரந்தரக் கட்டுமானங்களை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. புல்லுக்கு அது மூச்சு விடக் கிடைத்த நேரம். ஆனால் வழிகாட்டிகளும் குதிரைக்காரர்களும் சமையல்காரர்களும் பிழைப்பு போனதென்று முறையிட்டார்கள். மாற்று வழி காட்டாமல் கதவை மட்டும் மூடினால் உள்ளூர்க்காரர்கள் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள். தனுஷ்கோடியில் இந்தத் தவறு நடக்கக் கூடாது.

அதே மாநிலத்தில் தயாரா புக்யாலில் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. அரித்த பள்ளங்களில் தென்னை நார் விரிப்பு போட்டு, பைன் மரத்துச் சருகும் மூங்கிலும் கொண்டு தடுப்பு வைத்து, மண்ணைப் பிடித்துப் புல்லை மறுபடி வரவைத்தார்கள். தென்னை நார் இமயமலை வரை போய் வேலை செய்கிறது. உச்சிப்புளிப் பக்கம் தென்னந்தோப்பை வைத்துக்கொண்டு, இதே மாவட்டத்தில் இருக்கிற மணல்மேட்டுப் பள்ளத்துக்கு நாம் ஏன் அதைப் போடக் கூடாது? நார் விரித்து, அதன் மேல் அடம்பன் கொடித் துண்டுகளை மழைக்கு முன் பதித்துவிட்டால் கணுவில் வேர் பிடித்துவிடும். ஒரே நிபந்தனை, பிடிக்கிற வரை அதன் மேல் வண்டி ஏறக் கூடாது.

நம் ஊர் உதாரணமும் இருக்கிறது. 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். மலைக்கு ஏறுகிற வண்டிகளை எண்ணுவதற்கு அது சரி. ஒரே ஒரு சாலை, அதன் முடிவில் ஒரே ஒரு வளைவு உள்ள தனுஷ்கோடிக்கு எண்ணிக்கை மட்டும் போதாது. பாஸ் வாங்கி வந்த காரும் மணலில்தான் இறங்கும்.

இதுவரை செய்து பார்த்தவை

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு மாநிலம் முழுக்கத் தடை இருக்கிறது. தன்னார்வலர்கள் வந்து கரையைச் சுத்தம் செய்கிறார்கள். கடலில் இறங்காதே என்று எச்சரிக்கைப் பலகை நிற்கிறது. அரிச்சல்முனையில் இரண்டு கடலின் நீரோட்டமும் மோதுகிறது, கரையோரத்திலேயே ஆழம் திடீரென்று மாறும், ஆட்கள் இழுத்துக்கொண்டு போகப்பட்டிருக்கிறார்கள். மாலையானதும் போலீஸ்காரர்கள் எல்லோரையும் வெளியேற்றுகிறார்கள். கடல் கொந்தளிக்கிற நாளில் வண்டிகளை உள்ளே விடுவதில்லை.

இவற்றில் உண்மையாகவே பலன் தந்திருப்பது கடைசி இரண்டும்தான். காரணம், அவை நுழைகிற இடத்திலேயே நடக்கின்றன. பலகையை வாசிக்காதவரும் தடுப்புக்கு முன் நின்றுதான் ஆக வேண்டும். தேசிய நெடுஞ்சாலையை எப்படி மூட முடியும் என்று கேட்பவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நேரத்தை வைத்து தினமும் நிறுத்துகிறோம், வானிலையை வைத்து அவ்வப்போது நிறுத்துகிறோம். வண்டியின் வகையை வைத்தும் நிறுத்தலாம்.

வண்டி எங்கே நிற்க வேண்டும்

நான் கேட்பது இதுதான். சொந்தக் காரும் சுற்றுலா பஸ்ஸும் வேனும் முகுந்தராயர் சத்திரத்தில் நிற்கட்டும். அங்கிருந்து அரிச்சல்முனை வரை சிறிய பஸ்கள், முடிந்தால் பேட்டரியில் ஓடுபவை, போய் வரட்டும். ஓட்டுநரும் டிக்கெட் கொடுப்பவரும் வழிகாட்டியும் தனுஷ்கோடிக் குடும்பங்களிலிருந்து வரட்டும். 2017-க்கு முன் ஜீப் ஓட்டியவர்களுக்கு முதல் இடம். மீன் ஏற்றுகிற வண்டி, ஊர்க்காரர் வண்டி, ஆம்புலன்ஸ், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் வருகிற வண்டி ஆகியவற்றுக்குத் தடை வேண்டாம்.

இப்படிச் செய்தால் கூட்டத்துக்குத் தனியாக வரம்பு வைக்கத் தேவையில்லை. பஸ்ஸில் இருக்கிற இடம்தான் வரம்பு. சாலை ஓரத்தில் வண்டி நிற்காது, மணலில் டயர் இறங்காது. ஏறும்போதே பையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம், டிரோன் உள்ளே போகாது. தேவாலயத்தருகே ஒரு நிறுத்தம், அரிச்சல்முனையில் ஒரு நிறுத்தம், கோதண்டராமர் கோயில் பக்கம் தள்ளி நின்று பறவை பார்க்க ஓர் இடம். அதற்கு இடையில் எங்கும் இறங்க முடியாது. நடக்கிற தடத்துக்குக் கயிறு கட்டிவிட்டால் மேட்டின் மற்றப் பகுதி முழுக்கச் செடிக்கு.

இதில் நஷ்டம் யாருக்கு என்று பார்க்காமல் எழுதுவது பொறுப்பில்லை. இராமேஸ்வரத்து வாடகை வண்டிக்காரர்களுக்கு ஒன்பதரை கிலோமீட்டர் ஓட்டம் குறையும், அவர்கள் எதிர்ப்பார்கள். முகுந்தராயர் சத்திரம் வரை அவர்கள் ஓட்டம் அப்படியே இருக்கும் என்பதையும், காத்திருப்புக் கட்டணத்தையும் பேசித் தீர்க்கலாம். மீன் பொரிக்கிற கடைகளுக்கு வியாபாரம் போய்விடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரில் வருகிறவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார். அடுத்த பஸ் வரும் வரை நிற்கிறவருக்குப் பசிக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை நாட்களிலும், கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரும்போதும் என்ன செய்வது என்பது உண்மையிலேயே கடினமான கேள்வி. விடியலுக்கு முன்பே பஸ் ஓட வேண்டியிருக்கும், எண்ணிக்கையும் கூட வேண்டியிருக்கும். தர்ப்பணம் கொடுக்க வருகிறவரைச் சுற்றுலாப் பயணியாக நடத்தக் கூடாது. அந்த நாட்களுக்குத் தனி ஏற்பாடு எழுதித்தான் ஆக வேண்டும்.

இந்த யோசனை புதிதும் இல்லை. இதே மாவட்டத்தில் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் போக வேண்டுமென்றால் ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற படகில்தான் போக முடியும். படகை ஓட்டுவது ஊர்க்காரர், சமைத்துப் போடுவது ஊர்ப் பெண்கள். வண்டி கரையோடு நின்றுவிடுகிறது. காட்டுக்குள் போகிறவர் எல்லோரும் அந்தக் காட்டை அறிந்த ஒருவரோடுதான் போகிறார். தனுஷ்கோடியில் ஜீப் காலத்தில் இருந்ததும் இதுவேதான்.

சரணாலயம் வந்ததால் மீனவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, அது நியாயமான பயம். 1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனபோது, அந்தத் தீவுகளுக்குப் போய்ப் பாசி எடுத்துப் பிழைத்த பெண்கள் கால் வைக்கக் கூடாதவர்கள் ஆனார்கள். பின்னாளில் குருசடைத் தீவுக்குச் சுற்றுலாப் படகு போனது. அதே போல, பூநாரையைக் காரணம் காட்டிக் கரைவலையை நிறுத்திவிட்டு, கார்களை மட்டும் உள்ளே விட்டால் அதைவிட அநியாயம் வேறு இருக்காது. வலை இழுக்கிறவர்கள் அதிகாலையில் வருகிறார்கள், ஒரே இடத்தில் நின்று இழுக்கிறார்கள், போகிறார்கள். பறவைகள் அவர்களுக்குப் பழகியவை. சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டம் எழுதும் மேசையில் தனுஷ்கோடி ஊர்ப் பெரியவர்களும் மீன் விற்கிற பெண்களும் உட்கார வேண்டும். எழுதி முடித்த பிறகு கருத்துக் கேட்பது போதாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்யத் தேவையில்லை. மார்கழி, தை இரண்டு மாதம், பூநாரை நிற்கிற காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தொடங்கிப் பார்க்கலாம். அந்த நாட்களில் வாடகைக்கு எடுத்த சில சிறிய பஸ்களும், முகுந்தராயர் சத்திரத்தில் தற்காலிகக் கழிப்பறைகளும், குப்பை அள்ள ஒரு வண்டியும் போதும். தேவாலயத்துக்குப் பக்கத்தில் கயிறு கட்டிய ஒரு துண்டு நிலத்தில் நார் விரித்து அடம்பனைப் பதித்துவிட்டு, ஆனியில் கச்சான் அடிக்கும்போது அங்கேயும் கயிறு கட்டாத இடத்திலும் மணல் எப்படி நிற்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்குக் கொடித் துண்டுகளை ஐப்பசி மழைக்கு முன் நட்டாக வேண்டும் என்பதால், ஊரோடு உட்கார்ந்து பேசுவது ஆவணிக்குள் நடக்க வேண்டும்.